கொழும்பில் ஜக்கெட் வாங்குவோர் மழையை விட வியர்வையைக் கவனிக்க வேண்டியது ஏன்?

ஆண்டின் எந்த மாதத்திலும் பகல் வெப்பநிலை 30 பாகையை அண்டியே நிற்கும் கொழும்பில் ஜக்கெட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் புறப்படும் குளிரூட்டப்பட்ட இரவு பஸ்ஸில் ஒரு தடவை பயணம் செய்தவர்களும், கோட்டைப் பகுதி அலுவலகங்களில் ஏசியின் நேர் கீழே நாள் முழுவதும் அமர்ந்து வேலை செய்பவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இவர்களோடு நுவரெலியாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள், சிவனொளிபாதமலை ஏறுபவர்கள், லண்டனுக்கோ டொரொன்டோவுக்கோ உறவினர்களைப் பார்க்கப் புறப்படுபவர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டால், இந்த ஊரில் ஜக்கெட் தேவைப்படுவோர் தொகை சிறியதன்று. ஏற்றுமதி ஆடைகளின் தரப் பரிசோதனையில் வேலை செய்பவன் என்பதால் நண்பர்களும் அயலவர்களும் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “எது கூடுதலாக மழையைத் தாங்கும்?” கொழும்புவாசி ஒருவர் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே தேங்கும் வியர்வையை அந்த ஜக்கெட் என்ன செய்யும் என்பதாகும்.

கடையில் தொங்கும் அட்டையில் 5,000, 10,000, 20,000 என்று மில்லிமீற்றரில் ஓர் எண் இருக்கும். துணியின் ஒரு பக்கத்தை இறுக்கிப் பிடித்து, அதன் மீது நீரின் அமுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டி, மறுபக்கத்தில் மூன்றாவது துளி தோன்றும் கணத்தில் எத்தனை மில்லிமீற்றர் உயர நீர்நிரலின் அமுக்கம் இருந்தது என்பதையே அந்த எண் சொல்கிறது. வானிலிருந்து விழும் மழைத்துளி தரும் அமுக்கம் அவ்வளவு பெரிதன்று. முதுகுப்பையின் பட்டி தோளில் அழுத்தும் இடத்திலும், நனைந்த ஆசனத்தில் உட்காரும்போதும், மோட்டார் சைக்கிளில் வேகமாகச் செல்லும்போதும்தான் அது உயர்கிறது. நகரில் நடமாடுவதற்கும் மலைநாட்டுச் சுற்றுலாவுக்கும் 5,000 தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம். பனிமலையில் பல மணி நேரம் பாரம் சுமந்து நிற்பவருக்காக உருவான 20,000 மில்லிமீற்றர் துணிக்குப் பம்பலப்பிட்டியில் பணம் செலவழிப்பதில் பயன் குறைவு.

அதே அட்டையில் இருக்கும் இரண்டாவது எண், 24 மணி நேரத்தில் ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் நீராவியை வெளியேற்றும் என்பதைக் குறிக்கிறது. இதை அளப்பதற்குப் பல முறைகள் இருப்பதாலும், ஒரே துணி ஒரு முறையில் குறைந்த எண்ணையும் இன்னொரு முறையில் அதைவிட மிகக் கூடிய எண்ணையும் தரக்கூடும் என்பதாலும், இரு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதைவிட முக்கியமான விடயம் ஒன்று அட்டையில் எழுதப்படுவதேயில்லை. ‘மூச்சுவிடும்’ துணி என்று விற்கப்படுவதில் ஒட்டியிருக்கும், நீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் மென்படலம் தானாக எதையும் வெளியே தள்ளுவதில்லை. ஜக்கெட்டுக்கு உள்ளே இருக்கும் நீராவி அமுக்கத்துக்கும் வெளிக்காற்றின் நீராவி அமுக்கத்துக்கும் இடையிலான வேறுபாடுதான் வியர்வை ஆவியை வெளியே நகர்த்துகிறது. உடலை ஒட்டிய காற்று 33 பாகையில் வியர்வை ஆவியால் நிறைந்திருக்கும்போது அதன் நீராவி அமுக்கம் ஏறத்தாழ 50 மில்லிபார். 10 பாகைக் குளிரும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள ஒரு லண்டன் நாளில் வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 10 மில்லிபார் மட்டுமே. கொழும்பில் 28 பாகையில், அதே 80 சதவீத ஈரப்பதனில், அது 30ஐத் தொட்டுவிடும். அங்கே 40 மில்லிபாராக இருக்கும் வேறுபாடு இங்கே 20 ஆகிவிடுவதால், அங்கு நன்றாக வேலை செய்த அதே விலையுயர்ந்த ஜக்கெட், இங்கு பாதி வேலையை மட்டுமே செய்கிறது. மழையில் நனையாமல் வீடு வந்து சேர்ந்தவர் சட்டையைக் கழற்றிப் பிழிய வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. பலர் நினைப்பது போல ஜக்கெட் ஒழுகியிருக்க வேண்டியதில்லை.

ஆகவே கொழும்புக்கு உகந்த ஜக்கெட்டில் காற்றுப் போக்குக்கான திறப்புகள் இருக்க வேண்டும். அக்குள் பகுதியில் ஸிப், முதுகில் மடிப்புக்குக் கீழே மறைந்திருக்கும் வலைத்துணித் திறப்பு, மணிக்கட்டில் தளர்த்தி இறுக்கக்கூடிய பட்டி ஆகிய மூன்றும், எந்தப் புகழ்பெற்ற மென்படலத்தையும் விட இங்கே அதிகம் உதவுகின்றன. உட்புறத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். நாம் பெரும்பாலும் அரைக்கைச் சட்டைக்கு மேலேதான் ஜக்கெட் அணிகிறோம். நீரைத் தடுக்க உள்ளே பூசப்படும் உட்பூச்சு மூடப்படாமல் வெளியே தெரியும் மலிவான துணி வியர்த்த கையில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய வலைத்துணியோ பின்னல் துணியோ உள்ளே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னும் வெளிப்படையாகச் சொல்வதானால், ஏசி அறைக்கும் இரவு பஸ்ஸுக்கும் தூறலுக்கும் உட்பூச்சே இல்லாத, மேற்பரப்பில் மட்டும் நீர் விலக்கும் பதம் செய்யப்பட்ட, மடித்தால் கைப்பைக்குள் அடங்கிவிடும் காற்றுத்தடுப்பு ஜக்கெட்டே மேல். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடிமழைக்கும் மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவமழைக்கும் இந்த நகரத்தின் உண்மையான விடை குடைதான். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய நாளுக்கு எந்த ஜக்கெட்டையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்பவர்களுக்குத் தேவைப்படுவது வேறு. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகள் உறைபனி அளவுக்குக் குளிரலாம். 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலையின் உச்சியில் விடியலுக்காகக் காத்திருக்கும்போது காற்றும் சேர்ந்துகொள்ளும். இதற்காகப் பஞ்சு வைத்த தடித்த ஜக்கெட்டை வாங்குபவர்கள் ஏறும் வழியிலேயே வியர்த்து நனைந்து, உச்சியில் அந்த ஈரத்தோடு நின்று நடுங்குகிறார்கள். உள்ளே ஒரு ஸ்வெட்டர் போடுவதற்கு இடம் விட்டு, ஓர் அளவு பெரிதாக, பஞ்சில்லாத மெல்லிய நீர்புகா ஜக்கெட்டை எடுத்தால் அது மலைக்கும் உதவும், வெளிநாட்டு வசந்த காலத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் உதவும். டொரொன்டோவின் ஜனவரிக்கு அது போதாது. அதற்கான உடையை அங்கே சென்று வாங்குவதுதான் மலிவு.

புறக்கோட்டையிலும் காலி வீதியோரத்திலும் ஏற்றுமதி உபரி ஆடைகளை விற்கும் கடைகளில், நம்முடைய தொழிற்சாலைகளில் தைக்கப்பட்ட நல்ல ஜக்கெட்டுகள் குறைந்த விலையில் கிடைப்பது உண்மை. அவற்றுள் தரப் பரிசோதனையில் தள்ளப்பட்டவையும் கலந்திருக்கும் என்பதும் உண்மை. பிராண்ட் லேபலை வெட்டியிருப்பார்கள். ஆனால் பக்கத் தையலுக்குள் இருக்கும் சலவை லேபல் பெரும்பாலும் தப்பியிருக்கும். துணியின் கலவை, பூச்சு பற்றிய விபரம், சலவைக் குறிகள் ஆகியவற்றை அதில் வாசிக்கலாம். பிறகு ஜக்கெட்டை உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் தையல் வழியே பாருங்கள். ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் நீர் நுழையும் வழி என்பதால், நீர்புகா ஜக்கெட்டின் தையல்கள் மீது உள்ளே ஒரு நாடா வெப்பத்தால் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தோளிலும் தொப்பியிலும் மட்டும் நாடா ஒட்டிவிட்டுப் பக்கத் தையலை விட்டுவிடும் ஜக்கெட்டுகள் உண்டு; விலை குறைவாக இருந்தால் அது குற்றமில்லை, ஆனால் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல தையல்கள் குறுக்கிடும் அக்குள் சந்தியில் நாடாவின் ஓரத்தை நகத்தால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். தொழிற்சாலையில் நாங்கள் முதலில் சந்தேகிக்கும் இடம் அதுதான். அங்கே நாடா குமிழிட்டிருந்தாலோ நகத்தோடு எழுந்து வந்தாலோ அந்த ஜக்கெட்டை வைத்துவிடலாம். துணியில் வாயை ஒட்டி ஊதினால் காற்று மறுபக்கம் வருகிறதா என்பதும் சொல்லும்: தாராளமாக வந்தால் அது காற்றுத்தடுப்பு உடையே, நீர்புகா உடை அல்ல.

கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தால் வாங்க வருபவர்கள் இரண்டு துளிகளைத் தெளித்துப் பார்க்கிறார்கள். சேம்பிலையில் போல முத்து முத்தாக உருண்டால் மகிழ்ந்து வாங்கிவிடுகிறார்கள். அந்த உருளல் மேற்பரப்புப் பதத்தின் வேலை மட்டுமே. ஆய்வுகூடத்தில் துணியை வளையத்தில் இறுக்கி 45 பாகை சாய்வில் வைத்து, 150 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து 250 மில்லிலீற்றர் நீரைத் தெளித்து அதற்குப் புள்ளி கொடுக்கிறோம். துளியும் நனையாவிட்டால் 100, தெளிபட்ட மேற்பரப்பு முழுவதும் நனைந்தால் 50. பல சலவைகளுக்குப் பிறகு அதே துணியை மீண்டும் சோதிக்கும்போதுதான் பதத்தின் உண்மையான தரம் தெரிகிறது.

இந்தப் பதத்தில் அண்மைக்காலமாகப் பெரிய மாற்றம் நடந்து வருகிறது. நீரையும் எண்ணெயையும் ஒருங்கே விலக்கிய புளோரின் சேர்மங்கள் சூழலில் சிதையாமல் தங்கிவிடுவதால், அவற்றைச் சேர்த்த சாதாரண ஆடைகளின் விற்பனையைக் கலிபோர்னியா 2025 ஜனவரி முதலும் பிரான்ஸ் 2026 ஜனவரி முதலும் தடை செய்துள்ளன. நமது தொழிற்சாலைகள் தைப்பது பெரும்பாலும் அத்தகைய சந்தைகளுக்கு என்பதால், புளோரின் இல்லாத பதம் கொண்ட உபரி ஜக்கெட்டுகள் இங்கும் அதிகமாக வரும். அவை நீரை நன்றாகவே விலக்குகின்றன, எண்ணெயை விலக்குவதில்லை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் நம்மவர்களின் ஜக்கெட்டில் கழுத்துப்பட்டியும் தொப்பியும் முதலில் நனையத் தொடங்குவது அதனால்தான். எண்ணெயும் வியர்வையும் படிந்த ஜக்கெட்டைத் துவைக்காமல் வைத்திருப்பது அதைப் பாதுகாப்பதாகாது. குறைந்த அளவு திரவச் சலவைச் சவர்க்காரத்தில் கழுவி, சவர்க்காரம் முழுவதும் போகும்வரை அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். துணி மென்மையாக்கியை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. லேபலில் அனுமதி இருந்தால், உலர்ந்த பின் மிதமான சூட்டில் ஒரு மெல்லிய துணியை மேலே விரித்து அயன் செய்வதால் சோர்ந்த பதம் ஓரளவு மீண்டும் எழும்.

கடைசியாக அலுமாரிக்கு வருவோம், ஏனெனில் கொழும்பில் பெரும்பாலான ஜக்கெட்டுகள் சாவது அங்கேதான். வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பியது, இரண்டு தடவை போட்டது, பிறகு பொலித்தீன் பையில் கட்டி வைத்தது என்று கொண்டுவருவார்கள். விரித்துப் பார்த்தால் உட்புறம் கையில் பிசுபிசுக்கும். கறுப்புச் சட்டைக்கு மேல் அணிந்து கழற்றினால் தோள் முழுவதும் வெள்ளைச் செதில்கள் உதிர்ந்திருக்கும். துணியின் உட்புறம் பூசப்பட்ட பொலியுரித்தேன், வெப்பமும் ஈரப்பதனும் உள்ள இடத்தில் நீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதைவதன் விளைவு அது. அணிந்தாலும் அணியாவிட்டாலும் அந்தச் சிதைவு நடக்கும்; ஈரத்தோடு மடித்துக் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் விரைவாக நடக்கும். ஆகவே நன்றாக உலர்த்திய பின் மடிக்காமல், பையில் இடாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிட வேண்டும். பழைய உபரி ஜக்கெட்டை வாங்கும்போதும், உட்புறத்தை உட்புறத்தோடு சேர்த்து அழுத்திப் பிரித்துப் பாருங்கள். ஒட்டிப் பிரிந்தாலோ புளித்த வாடை வந்தாலோ சிதைவு தொடங்கிவிட்டது.

கடற்கரையை அண்டி வசிப்பவர்கள் உலோகப் பற்கள் கொண்ட ஸிப்பைத் தவிர்த்து, நைலோன் சுருளிலோ தடித்த பிளாஸ்டிக் பற்களிலோ ஆன ஸிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

திருத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு: எழுந்துவிட்ட தையல் நாடாவை, உட்பூச்சு நலமாக இருக்கும்வரை, மீண்டும் ஒட்டலாம், ஸிப்பை மாற்றலாம், சோர்ந்த மேற்பரப்புப் பதத்தைக் கடையில் கிடைக்கும் தெளிப்பானால் புதுப்பிக்கலாம். உட்பூச்சு உரியத் தொடங்கிய ஜக்கெட்டுக்கு மருந்தில்லை. அதைப் புதுப்பித்துத் தருவதாக யாராவது சொன்னால் பணம் கொடுக்க வேண்டாம். மீதிப் பூச்சையும் முற்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, வெறும் காற்றுத்தடுப்பு உடையாக இரவு பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.