கீழ்மரத்துச் சேம அச்சும் இரண்டாம் குவாட்டர்பேக்கும்

அமெரிக்கக் கால்பந்து பற்றிய ஒரு காணொளியைத் தமிழ் வசனவரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பிலடெல்பியா ரசிகர்கள் இருவர் தங்கள் ஊரின் பழைய வழக்கை மீண்டும் கிளறிக்கொண்டிருந்தார்கள்: பந்தை வாங்கி எறியும் குவாட்டர்பேக்காக ஆட வேண்டியவர் முதல்வரான கார்சன் வென்ட்ஸா, அவருக்குப் பின்னால் காத்திருந்த நிக் ஃபோல்ஸா? ஒருவர் மேசையைத் தட்டிப் பேசுகிறார். திரையின் அடியில் இந்த வரி ஓடுகிறது: ‘எங்கள் காப்பு வீரரைத் தொடங்கியிருக்க வேண்டும்.’

அவர் சொன்னது இதுதான்: ‘இரண்டாம் குவாட்டர்பேக்கையே முதலிலிருந்து ஆடவிட்டிருக்க வேண்டும்.’ தமிழில் படித்தவருக்குக் கிடைத்ததோ யாரோ ஒரு தடுப்பாட்டக்காரர். அவரை எப்படித் ‘தொடங்குவது’ என்பதும் விளங்காது. ‘காப்பு வீரர்’ என்ற இந்தச் சொல்லைச் செய்தியிலும் வசனவரியிலும் கட்டுரையிலும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருந்தால் அகராதியிலும் ஏறிவிடும்.

முதலில் குவாட்டர்பேக். ரக்பியிலிருந்து வந்த பெயர் இது. முன்வரிசைக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை வைத்துப் பின்வரிசைக்காரர்களுக்குப் பெயரிட்டார்கள்: கால், அரை, முழு. ரக்பியில் முக்காலும் உண்டு. கால், அரை, முக்கால், முழு என்று வாய்ப்பாடு சொல்லி வளர்ந்த நமக்கு இந்த அடுக்கு ஒரு நொடியில் பிடிபடும். 1880இல் வால்டர் கேம்ப் முன்னின்று கொண்டுவந்த விதி, நடுவில் நிற்பவர் பின்னே தள்ளும் பந்தை முதலில் வாங்குபவரே குவாட்டர்பேக் என்று வரையறுத்தது. பந்தோடு அவர் முன்னே ஓடக் கூடாது என்றும் அன்று தடை இருந்தது. முன்னோக்கி எறிவது 1906இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதன் பிறகே அவர் ஆட்டத்தின் மையமானார்.

இதை ‘கால் பின்வீரர்’ என்று ஆக்குகிறார்கள். படிப்பவர் குதிகாலை நினைப்பார். ‘காலாண்டு’ என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். அது கணக்குப்பிள்ளையின் சொல். ‘ஆட்ட நடத்துநர்’ என்றால் பஸ் கண்ணில் நிற்கும். ‘ஆட்டநாயகன்’ என்ற சொல்லைக் கிரிக்கெட் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆங்கிலம் பேசுபவனே இன்று அந்தக் ‘கால்’ கணக்கை நினைப்பதில்லை. அவனுக்கு அது வெறும் பெயர். விக்கெட்டை விக்கெட் என்று எழுதுவது போல் இதையும் குவாட்டர்பேக் என்று எழுதிவிடலாம். இதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கெல்லாம் அவருக்குப் பின்னால் காத்திருக்கும் ஆளைப் பற்றியது. ஆங்கிலத்தில் அவர் பேக்கப் குவாட்டர்பேக். ஒரே தொடரில் ‘பேக்’ இரண்டு முறை வருகிறது, இரண்டும் வேறு. குவாட்டர்பேக்கில் உள்ளது இடம்: வரிசைக்குப் பின்னால் நிற்பவர். பேக்கப்பில் உள்ளது துணை: முன்னவர் விழுந்தால் தாங்குவதற்கு இருப்பவர். இந்த இரண்டாவதைத்தான் ‘காப்பு’ என்று மாற்றிவிட்டார்கள்.

எங்கிருந்து வந்தது என்பதில் மர்மமில்லை. கணினியில் கோப்பின் இன்னொரு படியைக் ‘காப்புப் பிரதி’ என்கிறோம். அங்கே அது நல்ல சொல், ஏனென்றால் அந்தப் படியின் ஒரே வேலை காப்பாற்றுவது. மூலக் கோப்பில் இருந்த ஒவ்வோர் எழுத்தும் அதில் அப்படியே இருக்கும். இருக்கவில்லையென்றால் அது பிழையான பிரதி. ஆனால் ஃபோல்ஸ் வென்ட்ஸின் பிரதி அல்லர். வென்ட்ஸ் நெருக்கடியில் நழுவி ஓடி ஆட்டத்தை நீட்டுபவர். ஃபோல்ஸ் நின்ற இடத்தில் நின்று எறிபவர். ரசிகர்கள் இவரா அவரா என்று மல்லுக்கு நின்றதே இருவரும் வேறு வேறு ஆட்டக்காரர்கள் என்பதால்தான். மூலமும் படியும் ஒன்று என்றால் எதை வைத்து விவாதிப்பது?

விளையாட்டுத் தமிழில் ‘காப்பு’ ஏற்கெனவே குடியிருக்கும் சொல் என்பதையும் மறந்துவிட்டார்கள். கோல் காப்பாளர் என்கிறோம், விக்கெட் காப்பாளர் என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் இவை அன்றாடச் சொற்கள். அங்கெல்லாம் காப்பவர் களத்தில் நின்று காக்கிறார். கையில் போடும் காப்பு, திருவிழாவுக்குக் கட்டும் காப்பு, நூலின் தொடக்கத்துக் காப்புச் செய்யுள், பிள்ளைத்தமிழின் காப்புப் பருவம் எல்லாமே தீங்கு வராமல் இப்போதே காத்து நிற்பவை. இரண்டாம் குவாட்டர்பேக் எதைக் காக்கிறார்? களத்துக்கு வெளியே நிற்கிறார். வாரப் பயிற்சியிலும் பெரும்பகுதி முதல்வருக்கே போகிறது; இவர் பார்த்துப் படித்துக்கொள்கிறார்.

அமெரிக்கக் கால்பந்தில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். தாக்கும் பதினொருவர் வேறு, தடுக்கும் பதினொருவர் வேறு. ‘காப்பு வீரர்’ என்றால் தமிழ் வாசகர் தடுக்கும் பதினொருவரில்தான் தேடுவார். போதாததற்குத் தாக்கும் வரிசையிலேயே, நடுவில் நிற்பவருக்கு இருபுறமும், ‘கார்டு’, அதாவது காவலர், என்றே பெயர் பெற்ற இருவர் நிற்கிறார்கள். காப்பு வீரர் என்று யாரையாவது சொல்லித்தான் தீர வேண்டுமென்றால் அந்த இருவரையும் சொல்லலாம். உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் இவர்களை என்னவென்று அழைப்பார்கள்? இதை மொழிபெயர்ப்பாளர்கள் சிலரிடம் கேட்டேன். ‘தூய தமிழ்ச் சொல், சுருக்கமாக இருக்கிறது’ என்றார்கள். தூய சொல் தவறான ஆளைக் காட்டினால் அந்தத் தூய்மையால் வாசகருக்கு என்ன லாபம்?

‘மாற்று வீரர்’ என்பது உலகக் கால்பந்துக்குப் பொருந்தும். அங்கே ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் உள்ளே வருவார். போனவர் திரும்ப வரமாட்டார். எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அமெரிக்க ஆட்டத்தில் ஒவ்வோர் ஆட்டத்துண்டுக்கும் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், வரம்பே இல்லை. களத்தில் பாதிப் பேர் அந்தப் பொருளில் மாற்று வீரர்கள்தாம். இரண்டாம் குவாட்டர்பேக்கோ ஒரு பருவம் முழுக்க ஒருமுறையும் உள்ளே வராமல் போகலாம்.

‘உதிரி வீரர்’ பற்றிப் பேசவே மனம் வரவில்லை. மாலையில் சேராத பூ உதிரி. கிரிக்கெட்டில் மட்டையில் படாமல் வந்த ஓட்டம் உதிரி. ஒரு மனிதரை அப்படி அழைக்கக் கூடாது.

சரியான சொல் நம்மிடம் இருக்கிறது, மிகப் பழையது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ‘உமணர் கீழ்மரத்து யாத்த சேம அச்சு’ என்கிறார். உப்பு வணிகர் வண்டி பூட்டிப் புறப்படுகிறார்கள். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். வழி பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். அங்கே என்ன நேரும் என்று யார் அறிவார்? அதனால் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதுதான் சேம அச்சு.

அந்த அச்சைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது துண்டோ ஒட்டோ அல்ல, முழு அச்சு. புறப்படும்போதே வண்டியோடு வருகிறது. வழியெல்லாம் பாரம் தாங்காமல் கிடக்கிறது, மேலே இருப்பவர் கண்ணில் படுவதுமில்லை. முதல் அச்சு முறிந்த கணத்தில் இதை மாட்டினால்தான் வண்டி நகரும். இல்லையென்றால் எருதும் உப்பும் இருந்தும் பயனில்லை. இரண்டாம் குவாட்டர்பேக்கின் வேலையை இதைவிடச் சரியாக எந்த மொழியிலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். 2017 டிசம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் வென்ட்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. பிலடெல்பியா அணி அந்தப் பருவத்தில் வெற்றிமேல் வெற்றி பெற்று வந்த நேரம். அச்சு முறிந்தது என்று ஊரே தலையில் கைவைத்தது. ஃபோல்ஸ் உள்ளே வந்தார். 2018 பிப்ரவரி 4 அன்று மினியாபொலிஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து அணியை 41–33 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரரும் ஃபோல்ஸே. முதல் பாதி முடியும் தறுவாயில், கோட்டுக்கு ஒரு கஜம் இருக்கும்போது, பந்து கைமாறிக் கைமாறிப் போய்க் கடைசியில் எறிய வேண்டிய ஃபோல்ஸே அதைப் பிடித்துப் புள்ளி எடுத்தார். இதில் ‘காப்பு’ எங்கே இருக்கிறது?

இருவர் என்னிடம் மறுப்புச் சொல்வார்கள். ஒருவர், சேமம் வடசொல் என்பார். ஆம், க்ஷேமம்தான். ஆனால் ஔவையார் வாயில் புகுந்து ஈராயிரம் ஆண்டு தமிழில் புழங்கிச் சேமி, சேமிப்பு என்று கிளைத்த சொல்லை இன்று வாசலில் நிறுத்துவது நியாயமில்லை. இன்னொருவர் கெட்டிக்காரர். ‘க்ஷேமம் என்றாலும் பாதுகாப்புத்தானே, அது காப்பு இல்லையா?’ என்பார். வேர் அப்படித்தான். சொல்லை ஆள்பவர்களோ வேரைக் கேட்டுப் பேசுவதில்லை. சேமம் தமிழில் ‘வேண்டும் நேரத்துக்கென்று எடுத்துவைப்பது’ என்னும் பொருளில் வேரூன்றிவிட்டது. மத்திய சேமக் காவல் படை என்று எழுதுகிறோமே, அந்தச் ‘சேம’ வேறென்ன? படைக்கு ஒத்துக்கொண்ட சொல் பந்தாட்டத்துக்கு ஒத்துக்கொள்ளாதா?

ஆகவே காத்திருக்கும்வரை அவர் சேம வீரர். சேமக் குவாட்டர்பேக் என்றாலும் சரி. களத்தில் இறங்கிய பிறகு, யாருடைய இடத்தில் ஆடுகிறார் என்று சொல்ல வேண்டியிருந்தால், பதிலி. ஆங்கிலம் ஒன்றாகக் கலக்கும் இரண்டு நிலைகளைத் தமிழில் இப்படிப் பிரித்தே சொல்லலாம்.

‘தொடங்கு’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘அவர் 13 ஆட்டங்களைத் தொடங்கினார்’ என்று எழுதுகிறார்கள். ஆட்டத்தை அவர் திறந்துவைக்கவில்லை. முதல் பதினொருவரில் ஒருவராகக் களமிறங்கினார். ‘அவரைப் பெஞ்ச் செய்தார்கள்’ என்பதும் அப்படியே. உட்காரவைத்தார்கள் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும். ரசிகர் சண்டையை மொழிபெயர்ப்பவர்களிடம் இந்தக் கவனக்குறைவு கூடுதலாகத் தெரிகிறது. சண்டைதானே, எப்படி எழுதினால் என்ன என்ற எண்ணம் போலும். ஆனால் அந்தப் பேச்சில் நுணுக்கம் அதிகம். அணி தோற்கத் தொடங்கினால் ஊருக்கே பிடித்த ஆட்டக்காரர் சேம வீரர்தான் என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. அவர் இன்னும் ஆடவில்லை, அதனால் இன்னும் பிழை செய்யவில்லை. பிலடெல்பியாவில் நடந்தது இதற்கு எதிரானது. அங்கே சேம வீரர் ஆடியும் காட்டிவிட்டார்; அதனால்தான் வென்ட்ஸ் குணமாகி வந்த பிறகும் வழக்கு முடியவில்லை. முறிந்த அச்சைச் சீர்செய்துவிட்டோம், சேம அச்சோ நன்றாக ஓடுகிறது, இப்போது எதை மாட்டுவது?

நிர்வாகம் வென்ட்ஸை வைத்துக்கொண்டது. 2019இல் ஃபோல்ஸ் ஜாக்சன்வில் அணிக்கு முதல் குவாட்டர்பேக்காகப் போனார். முதல் ஆட்டத்திலேயே காறை எலும்பு முறிந்து வெளியேற, அவருடைய சேம வீரர் கார்ட்னர் மின்ஷூ உள்ளே வந்தார். இந்தச் செய்தியை நான் பார்த்த காணொளியின் வசனவரி ‘முன்னாள் காப்பு வீரரின் காப்பு வீரர் தொடங்கினார்’ என்று தந்திருந்தது. அதை மூன்று முறை படித்தும் யார் விழுந்தார், யார் வந்தார் என்று எனக்குப் பிடிபடவில்லை. ‘ஒரு காலத்தில் சேம வீரராக இருந்த ஃபோல்ஸ் காயம்பட்டார், அவருக்குப் பதிலியாக மின்ஷூ இறங்கினார்’ என்று திருத்தி, அதை வெளியிட்டவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.