டூல் கிட் என்றால் பெட்டி இல்லை

பழைய கார்களைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் ‘வித் ஒரிஜினல் டூல் கிட்’ என்பதை ‘அசல் கருவிப் பெட்டியுடன்’ என்று சொல்வதை எத்தனை தடவைதான் பொறுத்துக்கொள்வது? போன வாரம் ஒரு காணொளியில் 1929ஆம் வருடத்து ஃபோர்டு மாடல் ஏ ஒன்றைக் காட்டினார்கள். பின்னணிக் குரல் அதையேதான் சொன்னது. திரையில் தெரிந்ததோ ஒரு கறுப்புப் பை. பைக்குள் ஸ்பேனர், பிளையர், ஸ்க்ரூ டிரைவர், டயர் கழற்றும் லீவர். பெட்டி எங்கே என்று நானும் கடைசிவரை பார்த்தேன். வரவே இல்லை.

‘கிட்’ என்ற சொல்லின் பூர்வீகம் பெரிய கதை ஒன்றும் இல்லை. பழைய டச்சு மொழியில் ‘கிட்டே’ என்றால் பலகைகளைச் சேர்த்து வளையம் மாட்டிய மரக்குவளை. இங்கிலீஷுக்கு வந்தபோதும் மரப்பாத்திரம்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பட்டாளத்துக்காரன் முதுகில் சுமக்கும் உடைமைகளுக்கு அந்தப் பெயர் ஏறியது. அப்புறம் தொழிலாளி கையோடு வைத்திருக்கும் கருவிகளுக்கும் ஏறியது.

“ஆதியில் பாத்திரம்தானே, அப்போது பெட்டி சரிதானே?” என்று நண்பர் ஒருவர் மடக்கினார். ஆபீசில் பன்னிரண்டரை மணிக்கு “கேரியர் வந்துவிட்டதா?” என்று கேட்கிறவர் எவர்சில்வர் அடுக்கையா கேட்கிறார்? சோற்றைக் கேட்கிறார். பாத்திரத்தின் பெயர் உள்ளே இருப்பதற்கு இறங்கிவிட்டது. ‘கிட்’டுக்கும் அதே கதிதான்.

சரி, சொல் ஆராய்ச்சியை விடுங்கள். வண்டிகளைப் பார்த்தாலே பெட்டி நிற்காது. ஃபோர்டு மாடல் ஏ வண்டிக்குப் பை. 1930களின் ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளில் தட்டு. அதில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் குழி வெட்டியிருப்பார்கள். 1950இல் வந்த ஜாகுவார் மார்க் 7 வண்டியில் கருவிகளுக்கு முன்கதவுக்குள்ளேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். கதவைப் பெட்டி என்பீர்களா? ரன்னிங் போர்டில், அதாவது கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் பலகையில், திருகி வைத்த இரும்புப் பெட்டிகளும் அந்தக் காலத்தில் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பல, சொந்தக்காரர் கடையில் வாங்கித் தாமே மாட்டிக்கொண்டவை. ஆக, பெட்டி வேறு, உள்ளே இருப்பது வேறு. பெட்டி பழையதாக இருந்து கருவி நேற்றுச் செய்ததாக இருக்கலாம்; கருவி வண்டியோடு வந்ததாக இருந்து, மேலே சுற்றிய துணி புதிதாகத் தைத்ததாக இருக்கலாம். ஒரு வண்டியின் டூல் கிட் உண்மையானதா என்று பார்க்கிறவனுக்கு முதல் வேலையே இவை இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான். ‘கருவிப் பெட்டி’ இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடிவிடுகிறது.

இன்னொரு கூட்டம் ‘கருவித் தொகுப்பு’ என்கிறது. பெட்டியை விட மேல். ஆனாலும் உப்புச் சப்பில்லாத சொல். தொகுப்பை யாரும் தொகுக்கலாம். நான்கு ஊர்ச் சந்தையில் நான்கு ஸ்பேனர் பொறுக்கி ஒரு துணியில் சுருட்டினால் அதுவும் தொகுப்புதான். பழைய கார் வியாபாரத்தில் நடக்கும் ஏமாற்று பாதி அதுதானே! ‘உபகரணங்கள்’ என்று எழுதுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அது பூஜை அறையில் இருக்கட்டும்.

இங்கே ‘அசல்’ என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அரபியிலிருந்து வந்த சொல் என்பதற்காக நான் அதை விரட்டவில்லை. வட்டி கட்டுகிற எவனும் விரட்ட மாட்டான். என் சங்கடம் வேறு. அசல் என்றதும் ‘போலி இல்லை’ என்றுதான் காதில் விழுகிறது. 1915 ஃபோர்டு மாடல் டி வண்டியில், அதே வருடத்தில் செய்த, கொஞ்சமும் போலி இல்லாத, ஆனால் வேறு வண்டிக்குச் செய்த ஸ்பேனர் இருந்தால்? பொருள் அசல், அந்த வண்டிக்கு அசல் இல்லை. கல்யாணப் பெண்ணோடு வந்த சீரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரிக் குத்துவிளக்கைப் பிற்பாடு மருமகன் கடையில் வாங்கினால் அது சீர் ஆகாது. ‘வண்டியோடு வந்த’ என்று நான்கு எழுத்துக் கூட எழுதினால் குடி முழுகிவிடாது.

வண்டியோடு வந்ததா என்று கண்டுபிடிப்பதும் லேசில்லை. 1908 முதல் 1927 வரை வந்த மாடல் டி வண்டியின் கருவிகளில் சாய்வெழுத்தில் ‘ஃபோர்டு’ என்று பொறித்திருக்கும். அந்தப் பெயரைப் பார்த்ததும் துள்ள வேண்டாம். ஃபோர்டு பல பட்டறைகளிடம் கருவி வாங்கியது, வருடத்துக்கு வருடம் வடிவமும் மாறியது. பளபளவென்று குரோமியம் பூசிய ஸ்பேனர் 1915 வண்டியின் பையில் இருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். அந்தப் பூச்சு தொழிற்சாலைகளுக்கு வந்ததே 1920களின் நடுவில்தான். பிரிட்டிஷ் வண்டி என்றால் ஸ்பேனரின் எண்ணைப் பார்க்க வேண்டும். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் திருகு அளவு முறையில் அந்த எண் போல்ட்டின் விட்டத்தைச் சொல்லும், ஸ்பேனர் வாயின் அகலத்தை அல்ல. வாயின் அகலத்தைச் சொல்லும் ‘ஏஎஃப்’ குறி பிரிட்டிஷ் கார்களில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1925 வண்டியில் அது இருந்தால் யாரோ நடுவில் சேர்த்தது.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1920களின் பிரிட்டிஷ் வண்டியான மோரிஸ் கௌலியின் இன்ஜினை முதலில் பிரெஞ்சுக் கம்பெனியான ஹாட்ச்கிஸ்தான் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்துகொடுத்தது. அவர்களின் இயந்திரங்கள் மெட்ரிக் அளவில்தான் திருகுப் புரி வெட்டும். ஆனால் வாங்குகிற இங்கிலீஷ்காரரிடம் இருப்பதோ விட்வொர்த் ஸ்பேனர். அதனால் போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். உடம்பு பிரெஞ்சு, தலை இங்கிலீஷ். அந்த வண்டியின் பையில் விட்வொர்த் ஸ்பேனர் இருப்பதைப் பார்த்து ‘மெட்ரிக் வண்டிக்கு இது பொருந்தாதே, பிற்பாடு சேர்த்தது’ என்று ஒதுக்கினால் தப்பாகிவிடும்.

சரி, என் சொல் என்ன? அடைப்பம். நாவிதர் கத்தி, கத்தரி, சாணைக்கல் எல்லாம் வைத்து எடுத்து வரும் பைக்குத் தமிழில் அதுதான் பெயர். வெற்றிலைப் பைக்கும் அந்தப் பெயர் உண்டு. அரசர்களுக்கு அதைச் சுமக்க அடைப்பைக்காரர் என்று ஓர் ஆளே இருந்தார். ஒரு தொழிலுக்கு வேண்டிய கருவிகள், எண்ணி, இடம் பார்த்து, ஒன்றாக அடைத்தவை. அது பையா, சுருளா, தட்டா என்று சொல் அடம்பிடிப்பதில்லை. ‘கிட்’டுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. “ரோல்ஸ் ராய்ஸுக்கு நாவிதர் பையா?” என்று ஒரு பெரியவர் முகம் சுளித்தார். அந்தச் சுளிப்பு சொல்லைப் பற்றியது இல்லை, சாதியைப் பற்றியது. அதற்காகச் சொல்லைக் கைவிட முடியாது.

மொழிபெயர்ப்பாளர்கள் அடைப்பத்துக்குள் கைவிட்டால் இன்னும் மோசம். வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனரான மங்கி ரெஞ்ச் ‘குரங்குக் குறடு’ ஆகிவிட்டது. குரங்கும் தப்பு, குறடும் தப்பு. குறடு கவ்வும், ஸ்பேனர் திருகும். மாங்கி என்ற ஆள் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர் என்பார்கள். குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன் 1922இல் ஒரு ரெஞ்சுக்குக் காப்புரிமை வாங்கினார், அதிலிருந்து வந்தது என்பார்கள். இரண்டும் கதை. பெயர் 19ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. நம் பட்டறைகளில் ஸ்க்ரூ ஸ்பேனர் என்றால் எல்லோருக்கும் புரியும், அதை விட்டுவிடலாம். தமிழ்தான் வேண்டும் என்றால் ‘வாய்நகர் திருகி’. பழைய இங்கிலீஷில் ரெஞ்ச் என்ற சொல்லுக்கு முறுக்குவது, ஏமாற்றுவது என்று இரண்டு பொருளும் உண்டு. நம் திருகும் திருகுதாளமும் போல. இப்படிப் பொருத்தம் கையிலேயே இருக்கும்போது குரங்கைத் தேடிப் போனார்கள்.

ஜாக்கிக்கு மட்டும் யாரும் புதுப் பெயர் வைக்க வேண்டாம். ஒரு மொழிபெயர்ப்பில் அது ‘பலா’ என்று வந்திருந்தது. அந்தப் பலாவும் கருவிப் பெட்டிக்குள்தான் இருந்தது.