பழைய சீட்டில் வாங்கும் ஸ்டீராய்டு

முடக்குவாதத்துக்கு என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எப்போதோ வலி தாங்க முடியாதபோது ஒரு டாக்டர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருப்பார். அதே சீட்டை மெடிக்கலில் காட்டிக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கியிருப்பார்கள். கேட்டால், "அதைப் போட்டாத்தான் டாக்டர் காலையில விரல் மடங்குது" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

ஸ்டீராய்டைத் திட்ட நான் வரவில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்கவே சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களிலேயே அவர் நன்றாக நடமாடினார். 1950இல் அந்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்றும் எங்களுக்கு அது தேவைப்படுகிறது. முடக்குவாதத்தையே அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து வேலை செய்யத் தொடங்கவே 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் ஸ்டீராய்டு. அப்புறம் அளவைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அந்த இரண்டாவது பாதிதான் பழைய சீட்டில் இருக்காது.

எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் கட்டப்படும் பொருள். ஸ்டீராய்டு, கட்டும் செல்களை முடக்குகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறைகிறது, சிறுநீரில் போவது கூடுகிறது. தொடைத் தசையும் மெலிவதால் விழும் வாய்ப்பு அதிகம். இழப்பு வேகமாக நடப்பது முதல் 3 முதல் 6 மாதங்களில். அதனால் பிரெட்னிசோலோன் தினமும் 2.5 மி.கி. அல்லது அதற்கு மேல் 3 மாதங்களுக்கு மேல் போகும் என்றால், தொடக்கத்திலேயே எலும்பைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

முதலில் உடைவது பெரும்பாலும் முதுகெலும்பு. விழக்கூட வேண்டாம். குடத்தைத் தூக்கியதும் முதுகு பிடித்துக்கொண்டது என்று தைலம் தடவிக்கொண்டிருப்பார்கள். எக்ஸ்ரேயில் ஒரு கணு நசுங்கியிருக்கும். சிலருக்கு வலியே இருக்காது, உயரம் மட்டும் குறையும். "நைட்டி தரையில இழுபடுது" என்று ஒருவர் சொன்னால் நான் உடனே எக்ஸ்ரே எழுதுகிறேன். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) என்போம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அந்த அளவுக்கு இறங்காமலே எலும்பு உடையலாம்.

இதைப் படித்துவிட்டு இன்றே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே, உடம்பு சொந்தமாகச் சுரக்கும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு குறைந்துவிடலாம். திடீரென நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். தவிர, அடங்காத முடக்குவாதமும் எலும்பை அரிக்கும். ஆபரேஷன் ஏதாவது செய்வதென்றால் ஸ்டீராய்டு எடுப்பதை அந்த டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எலும்புக்கு வாரம் ஒருமுறை 70 மி.கி. அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதுவது வழக்கம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதுவரை காபியும் கூடாது. நம் ஊரில் இதுதான் கஷ்டம்! காபியோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். பல்லில் பிரச்சினை இருந்தால் இந்த மருந்தைத் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மெத்தோட்ரெக்சேட்டும் வாரத்துக்கு ஒருமுறைதான். அதைத் தவறுதலாகத் தினமும் போட்டு உயிர் போனவர்கள் உண்டு. எந்த மாத்திரை எந்தக் கிழமை என்று காலண்டரில் எழுதி வையுங்கள்.

கால்சியம் ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மி.கி. வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., 100 மி.லி. பாலில் சுமார் 120 மி.கி. இருக்கிறது. சாப்பாட்டில் குறைவதற்கு மட்டும் மாத்திரை போதும், வைட்டமின் டியும் சேர்த்து. ஆட்டுக்கால் சூப்பை ருசிக்காகக் குடியுங்கள், அதில் கால்சியம் சொற்பம். தினமும் நடங்கள். ஆனால் முதுகெலும்பு நசுங்கியவர்கள் முன்புறம் குனியும் ஆசனங்களை விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, லேபிள் இல்லாத வாதப் பொடிகள். பல வருஷ வலி இரண்டே நாளில் பறந்து, பசி கூடி, முகம் உப்பி, சர்க்கரையும் ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதையும் சட்டென்று நிறுத்த வேண்டாம், பொட்டலத்தோடு டாக்டரிடம் வாருங்கள்.