72-ஐ 300 ஆக்கினால் படம் தெளிவாகிவிடாது

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. பிளேட் (அச்சுக்கான உலோகத் தகடு) போடுவதற்கு முன் ஃபைல்களைத் திறந்து சரிபார்ப்பது என் பொறுப்பு. போன வாரம், கிராஃபிக் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி தன் கல்லூரி ஆண்டு மலருக்கு அட்டை கொண்டுவந்தார். ஏ4 முழுக்க ஒரே படம், ஓய்வு பெறும் ஆசிரியரின் முகம். பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணிமை முடியெல்லாம் கூழாக இருந்தது. "ரெசல்யூஷன் 300 வச்சுட்டேனே அண்ணா" என்றார். இந்த மாதத்தில் மட்டும் இதே பதிலை நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

ரெசல்யூஷன் கட்டத்தில் இருக்கும் எண் படத்தின் தரம் இல்லை. தயவுசெய்து இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சலை, அதாவது படத்தின் நிறப் புள்ளிகளை, அடுக்கப் போகிறோம் என்கிற கணக்கு அது, அவ்வளவுதான். கையிருப்பு என்பது பிக்சல்தான். ஏ4 அட்டையை 300-இல் அச்சடிக்க 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும், ஏறக்குறைய 87 லட்சம். அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் வந்த படம் 1200-க்கு 1600, மொத்தம் 19 லட்சம். ஃபோட்டோஷாப்பில் 'ரீசாம்பிள்' (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் வசதி) டிக்கை எடுத்துவிட்டு 72-ஐ 300 ஆக்கினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது. அச்சாகும் அளவுதான் சுமார் 10-க்கு 13.5 சென்டிமீட்டராகச் சுருங்கும். டிக்கை விட்டுவைத்தால், பக்கத்துப் பிக்சலைப் பார்த்து மென்பொருள் இடைவெளியை இட்டு நிரப்பும். அவருடைய அட்டையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அப்படி நிரப்பியதுதான். கேமரா பார்க்காததை ஷார்ப்பன் (விளிம்புகளைக் கூர்மையாக்கும் வசதி) போட்டு வரவழைக்க முடியாது; முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும்.

"ஏஐ-யில் பெரிதாக்கலாமே?" என்று கேட்பீர்கள். செடி, சுவர், வானத்துக்குச் செய்து பாருங்கள். முகத்துக்கு வேண்டாம். கிடைக்காத விவரத்தை அது ஊகித்து வரைகிறது. கண்ணும் பல்லும் வேறு யாருடையதோ ஆகிவிட்டால், நமக்குத் தெரியாது, வீட்டில் உள்ளவர்களுக்கு உடனே தெரியும். ஃபிளெக்ஸ் பேனருக்கு 72 போதும் என்று உங்கள் சீனியர் யாராவது சொல்லியிருந்தால் அது சரிதான்; அதைத் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். அட்டையையோ கையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அப்புறம், எரேசர். பின்னணியை எரேசரால் அழித்து, அதே ஜேபெக் மேலேயே சேவ் செய்திருந்தார். காதோரத்து முடி அழிந்தது அழிந்ததுதான். முதல் வேலையாக மூலப்படத்தைத் தனி ஃபோல்டரில் பூட்டி வையுங்கள். பிரதியில் வேலை செய்யுங்கள். அழிக்காதீர்கள், லேயர் மாஸ்க்கில், அதாவது படத்தின் மேல் போடும் மறைப்பில், மறையுங்கள்: கறுப்புத் தூரிகை மறைக்கும், வெள்ளை திரும்பக் கொண்டுவரும். வெளிச்சத்தையும் நிறத்தையும் படத்தைத் தொடாத தனி அடுக்கான அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றி இறக்கும் வளைகோடு) போட்டுத் திருத்துங்கள், நாளைக்கு மாற்றச் சொன்னால் இரண்டு நிமிட வேலை. லேயரோடு, ஃபோட்டோஷாப்பின் சொந்த ஃபைல் வகையான பிஎஸ்டி ஆகவே வைத்திருங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்கள் ஜிம்ப்பில் பழகலாம், இலவசம்தான். மாஸ்க், கர்வ்ஸ் எல்லாம் அதிலும் உண்டு.

திரையில் மின்னும் நீலமும் பச்சையும் அச்சின் நான்கு மையில் (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மங்கும். அந்த நான்கு மைக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றிப் பார்க்காமல் வாடிக்கையாளரிடம் காட்டிச் சம்மதம் வாங்காதீர்கள். சின்ன எழுத்துக்கு வெறும் கறுப்பு மட்டும். நான்கு மையும் சேர்த்தால், ஒரு மையின் மேல் இன்னொரு மை சரியாகப் பொருந்தும் பதிவு மயிரிழை விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். முகத்தை வெளுக்காதீர்கள். அந்த ஆசிரியர் நல்ல கறுப்பு. அட்டையில் இளஞ்சிவப்பாக இருந்தார், நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூட இல்லை. நிழலில் விவரம் தெரியவில்லை என்றால் நிழலை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். தோலின் நிறம் பிழை இல்லை, திருத்துவதற்கு.

படம் வாங்கும்போதே எடுத்தவரிடம் மூல ஃபைலைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அளவு குறையாமல் வரும்.

அந்தத் தம்பி அழிக்காத பழைய வாட்ஸ்அப் படத்தை மறுபடி தேடி எடுத்தார். மூல ஃபைல் யாரிடமும் இல்லை. படத்தை 10 சென்டிமீட்டர் அகலத்தில் வைத்து, சுற்றிலும் அடர் நீலம் விட்டு அட்டையை மாற்றினோம். முகம் அவர் நிறத்திலேயே, சுருக்கங்களோடு தெளிவாக வந்தது. நேற்று பிளேட் போட்டாயிற்று.