கேள்விப் பட்டியலை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்

வயது வந்தோர் கல்வியில் கதை வட்டம் நடத்தப் புதியவர்களைப் பழக்குவது என் வேலை. சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்வதுதான் கதை வட்டம். வருகிறவர்களில் பலர் நீளமான கேள்விப் பட்டியலோடுதான் வருவார்கள். அவர்களுக்கு முதலில் சூசன் ஹாம்லினைப் பற்றிச் சொல்வேன்.

1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசுத் திட்டம் ஒன்று, அடிமைகளாக இருந்து விடுதலையான கறுப்பின முதியவர்களின் நினைவுகளை எழுதி வாங்கியது. 2,300-க்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த ஹாம்லினை 1937-ல் இரண்டு பேர் தனித்தனியாகச் சந்தித்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரப் பெண். உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார் என்று பாட்டி நினைத்துக்கொண்டார். தன் எஜமான் நியாயமானவர் என்றார். மற்றவர் கறுப்பினத்தவர். அவரிடம் சவுக்கடிகளைப் பற்றியும், பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்றதைப் பற்றியும் சொன்னார். பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரே யார் என்று பார்த்துப் பேசித்தான் அவர் அந்த வயதுவரை பிழைத்திருக்க முடியும். நாம் போய் உட்காரும்போதும் நம் நிறம், வேலை, கையிலிருக்கும் படிவம் எல்லாம் கூடவே வந்து உட்காருகின்றன.

கனடாவில் கிட்க்சான், வெட்சுவெட்டென் என்ற பூர்வகுடி மக்களின் நில வழக்கில், மேரி ஜான்சன் என்ற மூதாட்டி தன் குல வரலாற்றுக்குரிய பாட்டை நீதிமன்றத்தில் பாட வேண்டும் என்றார். தனக்கு இசைக் காது கிடையாது, பாடிப் பயனில்லை என்றார் நீதிபதி மெக்கீச்சர்ன். பாட்டு அந்த மக்களுக்கு நிலப்பத்திரம் மாதிரி. ஆனால் 1991-ல் வந்த தீர்ப்பில் வாய்மொழி வரலாறு எடுபடவில்லை. 1997-ல்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்று சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னது.

சரி, வேறு எப்படித்தான் கேட்பது? 1957 ஜனவரியில் தெற்குக் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் எழுத்தறிவு வகுப்பைத் தொடங்கிய பெர்னீஸ் ராபின்சன் அழகு நிலையம் நடத்தியவர். வாசிக்கத் தெரியாது என்று காரணம் காட்டி, கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்திய காலம் அது. கொண்டுவந்த சிறுவர் பாடங்களை ஓரமாக வைத்துவிட்டு, என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று வந்தவர்களையே கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், தபாலில் பொருள் வரவழைக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது.

என் வட்டங்களில் ஒருவர் முடிக்கும்வரை குறுக்கே பேச்சில்லை. ‘எனக்கும் இப்படித்தான்’ என்பதுகூட வேண்டாம். சொல்ல விருப்பமில்லாதவர் தன் முறையை அடுத்தவருக்கு விட்டுவிடலாம். ஒலிப்பதிவுக்கு முதலிலும் அனுமதி கேட்போம், பேசி முடித்த பிறகும் கேட்போம். இடையில் மனம் மாறுகிறவர்கள் உண்டு. எல்லாக் கதையும் எல்லா நேரத்துக்கும் உரியதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களிடம் தரையில் பனி கிடக்கும் மாதங்களில் மட்டும் சொல்கிற கதைகள் இருக்கின்றன. ஜூலையில் நிகழ்ச்சி வைத்துக்கொண்டு அந்தக் கதைதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். தேதியை மாற்றுங்கள்.