‘ஹெரிட்டபிலிட்டி’ என்பது பரம்பரைத்தன்மை அன்று

“மனச்சிதைவு 80 விழுக்காடு பரம்பரை நோய்.” “தற்கொலை எண்ணம் பாதிக்குப் பாதி பரம்பரையாக வருவது.” உளநோய் பற்றிய மரபணு ஆய்வுகளைத் தமிழில் சொல்லும் செய்திகளில் இப்படிப்பட்ட வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டுமே தவறு. ஆய்வாளர் எழுதியது ஹெரிட்டபிலிட்டி. மொழிபெயர்த்தவர் கைக்கு அகப்பட்டது பரம்பரை.

லத்தீனில் ‘ஹேரெஸ்’ என்றால் வாரிசு. சொல்லின் வேர் அது. ஆனால் அறிவியலில் அதற்கு இன்றுள்ள பொருளைப் பரப்பியவர்கள் கால்நடை இனவிருத்தி ஆய்வாளர்கள். அவர்களில் ஜே லஷ் முதன்மையானவர். ஒரு மந்தையில் ஒரு பசு நிறையக் கறக்கிறது, இன்னொன்று குறைவாகக் கறக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வில் மரபணு வேறுபாட்டால் வந்தது எவ்வளவு, தீவனத்தாலும் பராமரிப்பாலும் வந்தது எவ்வளவு? முதல் பங்குக்குத்தான் ஹெரிட்டபிலிட்டி என்று பெயர். அது மந்தைக்குரிய எண். தனி ஒரு பசுவைக் காட்டி இதன் ஹெரிட்டபிலிட்டி எவ்வளவு என்று கேட்க முடியாது.

இனி ‘பரம்பரை’க்கு வருவோம். அது வடசொல் என்பதல்ல என் குறை; தமிழில் ஊறிப்போன சொல்தான். ஊறிப்போனதுதான் சிக்கலே. பரம்பரைச் சொத்து, பரம்பரைத் தொழில், பரம்பரை வியாதி என்று எங்கே வந்தாலும், தகப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறும் ஒன்றைத்தான் அது சொல்கிறது. ‘80 விழுக்காடு பரம்பரை’ என்று படிக்கும் தாய்க்கு அதன் பொருள், தன் பிள்ளைக்கு 100-க்கு 80 வாய்ப்பு என்பதே. உண்மை என்ன? பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு. 10 பேரில் 9 பேருக்கு வருவதில்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வருவது பாதியை எட்டுவது அரிது. அந்த 80, மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு.

சொல் பிழையென்று காட்ட விரல் போதும். கையில் 5 விரல் முளைப்பது முழுக்க மரபணுவின் வேலை. ஆனால் விரல் எண்ணிக்கையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாடு பெரும்பாலும் விபத்தால் வருவது. எனவே அதன் ஹெரிட்டபிலிட்டி 0-வை ஒட்டியிருக்கும். இதைப் ‘பரம்பரைத்தன்மை’ என்று பெயர்த்துப் பாருங்கள்: விரல் எண்ணிக்கைக்குப் பரம்பரைத்தன்மையே இல்லை என்று வரும். எதிர்ப்பொருள் தரும் கலைச்சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

‘மரபுவழித்திறன்’ என்ற ஆக்கமும் உலவுகிறது. ‘பிலிட்டி’ என்று முடிந்தால் ‘திறன்’ ஒட்டு என்ற இயந்திரப் பழக்கம் இது. திறன் என்பது ஆளுக்கோ பொருளுக்கோ உள்ள ஆற்றல். மனச்சோர்வுக்கு என்ன திறன்? தற்கொலை முயற்சிக்கு என்ன திறன்? சொல்லிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

நான் பரிந்துரைப்பது ‘மரபுவேறுபாட்டுப் பங்கு’. ‘மரபு’ நமக்குப் பழைய சொல். தொல்காப்பிய மரபியலே பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்களில்தான் தொடங்குகிறது. ‘பங்கு’ என்றதும் இது அளவு என்று தெரிந்துவிடும். நடுவிலுள்ள ‘வேறுபாடு’தான் உயிர். நீளம் என்று அதை வெட்டி ‘மரபுப் பங்கு’ என்று வைத்தால், நோயாளியின் உடம்பில் 80 விழுக்காடு மரபு வேலை செய்தது என்ற பழைய குழப்பமே திரும்பி வரும். நீளமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. டென்மார்க்கின் தத்து ஆய்வுகளில், தற்கொலையால் இறந்த தத்துப்பிள்ளைகளின் இரத்த உறவுகளிடையே தற்கொலை கூடுதலாகவே இருந்தது. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் தற்கொலை நடத்தைக்கு 30 முதல் 55 விழுக்காடு என்று கணித்தார்கள். அதை இப்படி எழுதலாம்: “தற்கொலை நடத்தையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 30 முதல் 55 விழுக்காடு மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது.” நாலு சொல் கூடும். ஆனால் குடும்பத்தில் ஒருவரை இழந்தவர் இதைப் படித்து ‘அடுத்தது நானா’ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இதைவிட மோசமானது ‘தற்கொலை மரபணு கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பு. 2023-இல் 43,000-க்கும் மேற்பட்ட தற்கொலை முயற்சியாளர்களின் மரபணுத் தரவை ஆராய்ந்தவர்கள் கண்டது, மரபணுத்தொகுதியில் முயற்சியோடு தொடர்புடைய 12 இடங்களை. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. எதுவும் தனியாக யாரையும் அந்த முடிவுக்குத் தள்ளுவதில்லை. அறிவியலில் ‘தற்கொலை மரபணு’ என்ற பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்கு உண்டு: புற்றுச் செல்லுக்குள் செலுத்தி, கூடவே ஒரு மருந்தைக் கொடுத்து, அந்தச் செல்லைத் தானே மடியச் செய்யும் சிகிச்சை மரபணு அது.