வணரி: சைக்கிள் கிராங்க்குக்குத் தமிழில் ஒரு நல்ல சொல்

பெடலுக்கும் நடு அச்சுக்கும் இடையே இருக்கும் கையைத்தான் சைக்கிள் கடையில் கிராங்க் என்கிறோம். காலின் மேல்கீழ் மிதியைச் சுழற்சியாக மாற்றுவது அதன் வேலை. கால் தையல் இயந்திரத்திலும் கார் எஞ்சினிலும் இதே வேலை செய்யும் உறுப்பு உண்டு. தமிழ்க் கலைச்சொல், வணரி.

ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் வளைதல், மடங்குதல். பழைய ஆங்கிலத்தில் அது நெசவாளர் கருவி ஒன்றின் பெயரில் வருகிறது. நோயுற்றவரைக் குறிக்கும் ஜெர்மன் சொல் 'கிராங்க்' இதற்கு உறவு. தமிழில் 'வணர்' என்றாலும் வளைவுதான். வளைந்த தண்டுடைய சிறு யாழைப் புறநானூறு 'வணர்கோட்டுச் சீறியாழ்' என்கிறது. அந்த வேரிலிருந்து வணரி, கிராங்க்‌ஷாஃப்டுக்கு வணரித்தண்டு.

சைக்கிளில் அந்தக் கை நேராகத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். நடு அச்சு, கை, பெடல் அச்சு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: இரண்டு இடத்தில் மடிந்த ஒரே கம்பி தெரியும். நெம்புகோல் என்ற சொல் இங்கே போதாது, அதற்கு முழுச் சுற்று சுற்றும் பொருள் இல்லை.

வணரி நீளம் என்பது நடு அச்சின் மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரை உள்ள தூரம். கையின் முழு நீளத்தை முனைக்கு முனை அளந்தால் தப்பான எண் வரும். பெரும்பாலும் கையின் பின்பக்கத்தில் 165, 170, 172.5, 175 என மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். 1970, 80களின் பந்தய சைக்கிள்களில் அதிகம் காணப்படுவது 170. அந்தக் காலத்துச் சட்டத்தை (ஃபிரேமை) வைத்துக் குறைந்த செலவில் ஒன்றைக் கட்டுபவருக்கு, ஜப்பானிய நிறுவனங்களான சுகினோ, ஷிமானோவின் பழைய வணரிகள் கிடைப்பதும் இந்த அளவில்தான் அதிகம்.

நீளமான வணரி கூடுதல் வலு தரும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோவில் ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டும் சாதனை படைத்தபோது 175 போட்டிருந்தார். இன்றைய ஸ்லோவேனிய வீரர் போகச்சார் 165க்கு வந்துவிட்டார். 2001இல் வெளியான ஆய்வாளர் ஜிம் மார்ட்டினின் ஆய்வில் 120 முதல் 220 வரை மாற்றிப் பார்த்தும் உச்ச வலுவில் வித்தியாசம் சில சதவீதமே. ஆகவே 172.5 வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கால் குட்டை, முழங்கால் வலி, மடங்கும்போது இடுப்பில் நெருக்கம் என்றால் 165 எடுங்கள். 170இலிருந்து மாறினால், அப்புறம் சீட்டை 5 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். கால் கீழே நீளும் அளவு மாறாது. மேலே வரும்போது மட்டும் முழங்கால் முன்பைவிடக் குறைவாக மடங்கும். மிதி சற்றுக் கனமாகத் தெரிந்தால், பின்னால் ஒரு பல் கூடிய பற்சக்கரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

நீளத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது பொருத்தம். சதுர முனை அச்சில் ஜப்பானிய முறையும் இத்தாலியக் காம்பக்னோலோவின் முறையும் வேறு. கலந்து போட்டால் வணரி சரியான இடத்தில் உட்காராது. பழைய பிரெஞ்சு வணரியில் பெடல் மரையே வேறு, இன்றைய பெடல் ஏறாது. தனித்தனியாக வாங்கினால் இடது, வலது இரண்டின் பின்பக்க எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.